டெம்ப்ளேட் அழகாக இருந்தால் போதுமா?

கேள்வி: கோவையில் ஃப்ரீலான்ஸ் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு, அவர்களுடைய யூசர் மேனுவல்களுக்காக வேர்டில் ஒரு டெம்ப்ளேட் செய்து கொடுத்தேன். நாற்பதுக்கும் மேல் ஸ்டைல்கள், அழகான அட்டை, தானாக வரும் பொருளடக்கம் எல்லாம் உண்டு. பார்த்ததும் பாராட்டினார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு இன்ஜினியரின் ஃபைலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எண் வரிசை தாறுமாறு. ஒரு மேனுவலில் பழைய மாடலின் பெயர் அப்படியே நிற்கிறது. "உங்க டெம்ப்ளேட் சரியில்லை, சும்மா சரிபண்ணிக் கொடுங்க" என்கிறார்கள். எங்கே கோளாறு? இதே டெம்ப்ளேட்டை மாற்றி வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: உங்கள் டெம்ப்ளேட் நீங்கள் எழுதுவதற்கு ஏற்றது. ஆனால் எழுதப்போவது நீங்கள் இல்லை. ஸ்பேஸ் பாரையும் என்டரையும் மட்டுமே நம்பி, மாலைக்குள் மேனுவலை முடித்தாக வேண்டிய சர்வீஸ் இன்ஜினியர்தான் எழுதப்போகிறார். அவர் கையில் உடையாமல் நிற்பதே நல்ல டெம்ப்ளேட்.

முதலில், உடைந்த ஃபைல்களில் மூன்று நான்கை வாங்குங்கள். வேர்டில் பத்திக் குறிகளைக் காட்டும் பட்டனை அழுத்திவிட்டுப் படியுங்கள். ஒவ்வொரு உடைசலும் ஒரு தகவல். வரிசையாக என்டர் தட்டி இடைவெளி விட்டிருந்தால், அந்த ஸ்டைலில் பத்திக்கு முன்னும் பின்னும் நீங்கள் வைத்த இடைவெளி போதவில்லை. தலைப்பைக் கையால் போல்டு செய்திருந்தால், ஹெட்டிங் ஸ்டைல் அவர் கண்ணில் படவில்லை. பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பு வராததும் அதனால்தான். படி எண்களைக் கையால் அடித்திருந்தால், அடுத்த செய்முறைக்கு மறுபடி 1-லிருந்து தொடங்க அவருக்கு வழி தெரியவில்லை.

கடைசியாகச் சொன்னதற்கு நல்ல தீர்வு உண்டு. பலநிலைப் பட்டியல் ஒன்றை அமைத்து, முதல் நிலையில் எண் இல்லாத செய்முறைத் தலைப்பையும் இரண்டாம் நிலையில் எண்ணுள்ள படிகளையும் ஸ்டைலோடு இணையுங்கள். புதிய செய்முறைத் தலைப்பு வந்ததும் படிகள் தாமாகவே 1-லிருந்து தொடங்கும். செய்முறைத் தலைப்பில் என்டர் தட்டினால் அடுத்து வருவது படி ஸ்டைல்தான் என்பதையும் ஸ்டைல் அமைப்பிலேயே சொல்லிவிடலாம்.

நாற்பது ஸ்டைல் என்பது அதிகம். மேனுவல் எழுத ஒரு டஜன், மிஞ்சினால் பதினைந்து போதும்: மூன்று நிலைத் தலைப்பு, பத்தி, செய்முறைத் தலைப்பு, படி, புள்ளிப் பட்டியல், அட்டவணைத் தலைப்பு, அட்டவணை உள்ளடக்கம், படத் தலைப்பு, எச்சரிக்கை வகைகள். மற்றவற்றைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுங்கள். ரிவ்யூ பகுதியில் எடிட்டிங்கைக் கட்டுப்படுத்தும் வசதியைப் பயன்படுத்தினால், நீங்கள் அனுமதித்த ஸ்டைல்களைத் தவிர வேறு அலங்காரம் செய்ய முடியாமல் தடுக்கலாம். ஸ்டைலை மாற்றும் பெட்டியில் ‘தானாகப் புதுப்பி’ என்ற குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருவர் ஒரு பத்தியைச் சிவப்பாக்கினால், அதே ஸ்டைலில் உள்ள எல்லாப் பத்தியும் சிவப்பாவது அந்தக் குறியால்தான்.

பழைய மாடல் பெயர் ஏன் வந்தது? உங்கள் டெம்ப்ளேட்டை அவர்கள் திறக்கவே இல்லை. முந்தைய மேனுவலை ‘சேவ் ஆஸ்’ செய்து, மேலேயே எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான அலுவலகங்களில் நடப்பது இதுதான். பம்ப் விஷயத்தில் இது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. சிங்கிள் ஃபேஸ் பம்ப்பின் மேனுவலில் த்ரீ ஃபேஸ் பம்ப்பின் வயரிங் விவரம் தங்கிவிட்டால் மோட்டார் எரியலாம், ஆளுக்கும் ஆபத்து. ஆகவே சாதாரண வேர்டு ஃபைலாகக் கொடுக்காமல் டெம்ப்ளேட் வகை ஃபைலாகவே கொடுங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் மூலம் திறக்காது, புதிய ஆவணம்தான் திறக்கும். மாடல் பெயர், ரிவிஷன் எண் போன்றவற்றை ‘டாகுமென்ட் ப்ராப்பர்டி’ கட்டங்களாக வையுங்கள். அட்டையில் ஒருமுறை அடித்தால் ஹெட்டரிலும் உள்ளேயும் தாமாக மாறும். வோல்டேஜ், ஹெட், டிஸ்சார்ஜ் எல்லாம் ஒரே அட்டவணையில் மட்டும் இருக்கட்டும். மற்ற இடங்களில் மாடல் பெயருக்குப் பதில் "இந்த பம்ப்" என்றே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது உள்ளடக்கத்தின் எலும்புக்கூடு. பலர் டெம்ப்ளேட் என்றால் ஃபான்ட்டும் நிறமும் என்று நினைக்கிறார்கள். எதை, எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று சொல்லித்தருவதுதான் அதன் பெரிய வேலை. 2005-இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமாக வந்த டிடா (DITA) என்ற ஆவண முறை, தகவலை விளக்கம், செய்முறை, குறிப்புத் தகவல் எனப் பிரித்தது. அதற்கான மென்பொருளை வாங்காமலேயே அந்தப் பிரிவை வேர்டில் கடைப்பிடிக்கலாம். செய்முறை என்றால்: எதற்காக, தொடங்கும் முன் என்ன தேவை, படிகள், முடிந்ததும் என்ன தெரிய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வரி வழிகாட்டு வாசகத்தை வையுங்கள். எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும் கட்டமாக அது இருக்கட்டும். பயன்பாட்டுக் குறிப்புகளுக்கென்றே உள்ள ஐஇசி/ஐஇஇஇ 82079-1 என்ற சர்வதேசத் தரத்தின் 2019 பதிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கைகளில் எழுதுபவர் விருப்பத்துக்கு இடம் தராதீர்கள். அமெரிக்காவின் ஆன்சி இசட்535 என்ற தரங்களின் வரிசை மூன்று படிநிலை வைத்திருக்கிறது. தவிர்க்காவிட்டால் உயிரோ உடலோ கடுமையாகப் பாதிக்கப்படுவது நிச்சயம் என்றால் ‘அபாயம்’. பாதிக்கப்படலாம் என்றால் ‘எச்சரிக்கை’. சிறிய அல்லது மிதமான காயம் ஏற்படலாம் என்றால் ‘கவனம்’. மூன்றுக்கும் ஆயத்தக் கட்டங்களை வைத்து, மின் இணைப்பைத் துண்டிப்பது, எர்த்திங், தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது போன்றவற்றின் வாசகங்களை நீங்களே எழுதி, நிறுவனத்தின் ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். எச்சரிக்கை அது சேர்ந்த படிக்கு முன்னால் வர வேண்டும். மூடியைக் கழற்றிய பிறகு "கரண்டை நிறுத்திவிட்டுக் கழற்றவும்" என்று படிப்பதால் யாருக்கும் பயனில்லை.

தமிழ் மேனுவலும் இருந்தால் இன்னொன்று. வேர்டு தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ வகையில் சேர்ப்பதால், அதற்கு ஃபான்ட், அளவு, போல்டு எல்லாம் தனி அமைப்பு. ஸ்டைலின் ஃபான்ட் பெட்டியில் அந்தப் பகுதியிலும் நிர்மலா யுஐ, லதா போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஆங்கிலம் ஒரு அளவிலும் தமிழ் வேறு அளவிலும் நிற்கும். பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய பகுதிகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் ஸ்டைலைப் போட்டால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும்.

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை. ஒரு மேனுவலை நீங்கள் டெம்ப்ளேட்டில் முழுதாக எழுதிக் காட்டுங்கள். அடுத்ததை அவர்களுடைய இன்ஜினியர் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம். பிறகு ஒரு பக்க வழிகாட்டியும் ஒரு மணி நேரப் பயிற்சியும் கொடுங்கள்.

இனி பணம். எண் வரிசை அமைப்பில் கோளாறு இருந்தால் அது உங்கள் பொறுப்பு, இலவசமாகச் சரிசெய்யுங்கள். பயிற்சி, பழைய மேனுவல்களை மாற்றுவது, புதிய தேவைகள் ஆகியவை தனி வேலை, தனிக் கட்டணம். அடுத்த கொட்டேஷனிலேயே ஆய்வு, டெம்ப்ளேட், மாதிரி மேனுவல், பயிற்சி, சில மாதம் கழித்து ஒரு சுற்றுத் திருத்தம் என்று பிரித்து எழுதுங்கள்.

வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 17-ஆம் பிரிவின் பொது விதிப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பள வேலையில் எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்ஸருக்கு அந்த விலக்கு பொதுவாகப் பொருந்தாது. உரிமையை மாற்றித் தருவதானால் 19-ஆம் பிரிவின்படி அது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே கையெழுத்திட்ட தாளை முதலில் எடுத்துப் படியுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டிருந்தால் அவர்கள் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். கொடுக்கவில்லை என்றாலும் லோகோ, படங்கள், தயாரிப்பு விவரங்கள் எதுவும் வெளியே போகக் கூடாது. இனிவரும் ஒப்பந்தங்களில் "நிறுவனத்துக்கு உரியவை", "எழுத்தாளரிடம் இருப்பவை" என இரண்டு பட்டியல் போட்டுவிடுங்கள். பொது எலும்புக்கூடும் ஸ்டைல் அமைப்பும் இரண்டாம் பட்டியலில் இருந்தால், அடுத்த வாடிக்கையாளருக்குத் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம்.