வானம் தெளிவாயிருக்கையில் வரும் வெள்ளம்



அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் வனாந்தரத்தில் கன்மலைகள் பிளந்து, ஒரு ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்துகளாய்க் கிடக்கின்றன. ஸ்லாட் கேன்யன் என்று சொல்லுவார்கள். சில இடங்களில் தரையின் அகலம் மூன்றடி; இரண்டு பக்கமும் சுவர் நூறடிக்கு மேல். வார விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கப் போகிற குடும்பங்கள் அநேகம். என்னிடமும், "பிரதர், எந்த இடம் நல்லா இருக்கும்? என்ன ஷூ போடணும்?" என்று விசாரிக்கிறார்கள். ஷூவைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலாவது படிக்கவேண்டிய பாடம் மழையைப் பற்றியது. அந்தச் சந்துக்குள் நம்மை வாரிக்கொண்டு போகிற மழை நம் தலைமேல் பெய்யவேண்டிய அவசியமே இல்லை.

எப்படி என்கிறீர்களா? அந்தச் சந்து எப்படி உண்டானது என்று முதலில் பாருங்கள். அங்கே பல இடங்களில் இருப்பது நவாஹோ மணற்கல். 18 கோடி வருஷங்களுக்கும் முன்னே அது காற்று குவித்த மணல்மேடாயிருந்தது என்று புவியியலாளர் சொல்லுகிறார்கள். சுவரில் சாய்ந்து சாய்ந்து ஓடும் கோடுகள் அந்தக் காற்று அடுக்கிவைத்த அடுக்குகள்தான். இந்தக் கல்லில் ஒரு விரிசல் விழுந்தால் மழைநீர் அதில் இறங்கும். வெறும் தண்ணீர் அல்ல, மணலையும் கல்லையும் அடித்துக்கொண்டு இறங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்த்துத் தேய்த்து, பக்கவாட்டில் அகலமாக்குவதைவிட கீழ்நோக்கியே ஆழமாய் அறுக்கிறது. ஆகவே நாம் நடக்கிற வழி தண்ணீர் போட்ட வழி. அந்த வேலை இன்னும் முடிந்துபோகவில்லை. அரிசோனாவில் பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள மேல் ஆன்டிலோப் கேன்யனுக்கு நவாஹோ ஜனங்கள் தங்கள் பாஷையில் வைத்திருக்கும் பெயருக்கே, பாறைகளுக்குள் தண்ணீர் ஓடுகிற இடம் என்றுதான் அர்த்தம். வெளியூர்க்காரர் அதைப் படமெடுக்கிற இடமாய்ப் பார்க்கிறோம். அந்த மண்ணில் பிறந்தவர்கள் தண்ணீரின் வழியாய்ப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த தேசத்தில் மண் குறைவு, செடி குறைவு, வெறும் பாறைதான் அதிகம். பெய்கிற மழையை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. பல சதுர மைல் பரப்பில் விழுந்த தண்ணீர் முழுவதும் உருண்டோடி வந்து அந்த மூன்றடிச் சந்தில்தான் நுழையவேண்டும். பெரிய அண்டாத் தண்ணீரைச் சின்னப் புனலில் கவிழ்த்தால் என்ன ஆகும்? அதுதான்.

1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் இது சம்பவித்தது. அந்த இடத்தில் அன்றைக்கு மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மைல்கணக்கான தூரத்துக்கு அப்பால், மேட்டுநிலத்தில் இடியோடு பெய்த மழை காய்ந்த ஓடையில் இறங்கி வந்தது. உள்ளே இருந்த சுற்றுலாப் பயணிகள் 11 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் 7 பேர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அடித்துச் செல்லப்பட்டவர்களில் உயிரோடு மீண்டவர் வழிகாட்டி ஒருவரே. அந்நாளில் இறங்கவும் ஏறவும் இருந்தவை மர ஏணிகள். வெள்ளம் அவற்றையும் கொண்டுபோயிற்று. இப்போது உலோகப் படிகளைப் பாறையில் முடுக்கி வைத்திருக்கிறார்கள், வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடுவதில்லை. சிலர் இதற்கு, "இவ்வளவு காசு கொடுத்தும் நம்ம இஷ்டத்துக்கு நிக்க விடல" என்று முறுமுறுக்கிறார்கள். எனக்கு அந்த முறுமுறுப்பில் பங்கில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று, யூட்டாவின் சையன் தேசியப் பூங்காவில் கீஹோல் கேன்யனுக்குள் போன 7 பேரும் அதேவிதமாய் மாண்டார்கள்.

வேத புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு ஏதோம் தேசத்தின் பெயர் தெரிந்திருக்கும். இப்போது யோர்தானில் இருக்கும் அந்தப் பிரதேசத்தில்தான் பெட்ரா என்ற பட்டணம் உள்ளது. அதற்குள் நுழைகிற வழியும் இப்படிப்பட்ட ஒரு சந்துதான், சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னே அங்கே குடியிருந்த நபத்தேயர், சந்தின் வாசலில் அணை கட்டி, பக்கத்து மலையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு வழியாய்த் திருப்பிவிட்டார்கள். காலப்போக்கில் அந்த அணை பாழாய்ப் போயிற்று. 1963-ல் திடீர் வெள்ளம் வந்தபோது சந்துக்குள் இருந்த பிரெஞ்சுப் பயணிகளில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகே அணையைத் திரும்பக் கட்டினார்கள். பூர்வத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டுக் கட்டினார்கள் என்பது அப்போது விளங்கிற்று.

சரி, குடும்பமாய்ப் போகிறவர்கள் செய்யவேண்டியது என்ன? அமெரிக்க தேசிய வானிலைச் சேவை, தெற்கு யூட்டாவின் பூங்காக்களுக்குத் திடீர் வெள்ளத்தின் நிலையை நான்கு படியாய்ச் சொல்லுகிறது. எதிர்பார்க்கவில்லை, வரக்கூடும், பெரும்பாலும் வரும், வரும் என்றே எதிர்பார்க்கிறோம். இதில் இரண்டாவது படியிலேயே பலர் ஏமாறுகிறார்கள். "வரக்கூடும்னுதானே சொல்றான், வரும்னு சொல்லலியே" என்கிறார்கள். பிள்ளைகள் கூட இருந்தால் முதல் படியைத் தவிர மற்ற மூன்றுக்கும் என்னுடைய பதில் ஒன்றே: சந்துக்குள் இறங்காதிருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மத்தியானத்துக்கு மேல் இடிமழை கட்டுகிற காலம். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் பொதுவாய் நல்லவை. ஆனாலும் அன்றன்று காலை கேட்டுத்தான் போகவேண்டும்.

நாங்கள் யூட்டாவில் லிட்டில் வைல்ட் ஹார்ஸ் கேன்யனுக்குப் போனது ஒரு செப்டம்பர் கடைசி வாரம், வெள்ளியும் சனியும். என் மனைவி, பத்து வயது மகன், ஏழு வயது மகள், நான். வெள்ளிக்கிழமை சந்து, சனிக்கிழமை அருகிலுள்ள காப்ளின் வேலி என்று திட்டம். வெள்ளி காலை முன்னறிவிப்பு மூன்றாம் படியைச் சொல்லிற்று. தலைக்குமேல் ஒரு மேகம் இல்லை. மகனுக்குக் கோபமான கோபம். "வானம் நீலமா இருக்கேப்பா! எங்கப்பா மழை?" என்றான். வரைபடத்தை காரின் பானட்டில் விரித்து, நாங்கள் நடக்க நினைத்த சந்தில் விரலை வைத்து, அங்கிருந்து மேலே மேலே போகிற ஓடைகளையெல்லாம் அவனையே தொடச் சொன்னேன். ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனான். கடைசியில் விரல் மலைக்கு அந்தப்புறம் போய் நின்றது. "அங்க பெய்ஞ்சா கூட இங்க வருமா?" என்று கேட்டான். வரும் என்றேன். கோபம் முழுசாய்ப் போகவில்லை, ஆனால் கேள்வி நின்றது.

நாளை மாற்றி, காப்ளின் வேலிக்குப் போனோம். காளான் குடைபோலக் கல் உருவங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கிற பள்ளத்தாக்கு அது. மேலே கெட்டியான கல், அடியில் மெதுவான மண்கல். அடிப்பாகம் சீக்கிரம் கரைவதால் தலை மட்டும் பெருத்து நிற்கிறது. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து ஓடினார்கள். 2013-ல் சாரணர் தலைவர்களாயிருந்த பெரியவர்களே அங்கே ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, அதைப் படமும் எடுத்து, வழக்கில் மாட்டினார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மழை வந்ததா? எங்கள் சந்தில் வரவில்லை. சனி காலை முன்னறிவிப்பு முதல் படிக்கு இறங்கியிருந்தது. உள்ளே போனபோது தரை பொடிமணலாய்க் காய்ந்தே கிடந்தது. "பாத்தீங்களாப்பா, ஒண்ணுமே வரல" என்றான் மகன். ஆமாம் என்றேன். மறுபடியும் அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமை வந்தால் அப்படியேதான் செய்வேன். வராதுபோன வெள்ளத்துக்காக ஒதுங்கினதால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சந்து எப்படியிருந்தது என்று சொல்லாமல் விட முடியாது. சில இடங்களில் தோள் இரண்டும் உரசும், பையைக் கழற்றிக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் நகரவேண்டும். வெளிச்சம் மேலேயிருந்து நேராய் விழாமல் சுவருக்குச் சுவர் மோதி இறங்குகிறது. அதனால் கல் செம்பு நிறமாயும் சில இடத்தில் ஊதாவாயும் தெரிகிறது. பிள்ளைகள் தானாகவே குரலைத் தாழ்த்தினார்கள். அப்படி இருக்கையில் என் மகள், "அப்பா, மேல பாருங்கப்பா, அந்தக் கட்டைய யாரு அங்க வெச்சா?" என்றாள். என் தலைக்கு வெகு மேலே, இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை குறுக்காய் இறுகியிருந்தது. யாரும் வைக்கவில்லை, தண்ணீர் அந்த உயரத்தில் ஓடினபோது கொண்டுவந்து செருகினது என்று என் மனைவி சொன்னாள். மகன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். முந்தின நாள் வரைபடத்தில் நான் சொன்னதைவிட அந்தக் கட்டை அவனுக்கு நன்றாய்ச் சொல்லிற்று.

உள்ளே நடக்கும்போது ஏறி ஒதுங்கக்கூடிய திட்டுகளை மனதில் குறித்துக்கொண்டே போங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளி மிதந்து வந்தாலோ, ரயில் வருவதுபோல இரைச்சல் கேட்டாலோ, வாசலை நோக்கி ஓடப் பார்க்காதிருங்கள். வெள்ளத்தை ஓடி ஜெயிக்க முடியாது. பைகளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உயரத்துக்கு ஏறுங்கள், தண்ணீர் வடியும்வரை இறங்காதிருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிதண்ணீர். ஷூ, நனைந்தாலும் வழுக்காத அடிப்பாகம் உள்ள பழைய ஷூவே போதும். ஓடைக்கு வெளியே கறுத்துப் பொருக்குத் தட்டின மண்ணை மிதிக்கவேண்டாம். அது உயிருள்ள மண், திரும்ப உண்டாக வெகு வருஷம் ஆகும்.

அங்கே செல்போன் பெரும்பாலும் எடுக்காது. எந்தச் சந்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்புகிற வழியில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடினால் காரை இறக்கவேண்டாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துபோகும். அதுவரை பிள்ளைகளுக்குக் கொடுக்க வண்டியில் ஏதாவது சாப்பாடு வைத்திருங்கள்.