வீட்டு ஏஜென்ட் வேலைக்குப் போகும் பெறாமகளுக்கு



ஹரோவில் வீடு வாடகைக்கு விடும் ஏஜென்ட் கந்தோரில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாக அண்ணி சொன்னா. நல்ல சந்தோஷம். அதே கிழமை குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்ட காணொளியும் சித்தப்பாவின் கண்ணில் பட்டது. படகில் வருகிறவர்களால்தான் இலண்டனில் வாடகை ஏறுகிறதாம். வெளிநாட்டவர் எல்லாருக்கும் அட்டை கொடுத்து எண்ணிக் கணக்கெடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமாம். கீழே பெரியம்மாமார் இரண்டு பேர் கைதட்டியிருக்கிறார்கள். போனில் சொன்னால் "ஓம் சித்தப்பா" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வாடகைப் பழி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கு இலண்டனின் ஸ்டெப்னியில் இதே பேச்சுத்தான் நடந்தது. அப்போது கப்பலில் வந்து இறங்கியவர்கள் ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பிவந்த யூதர்கள். ஒரே அறைக்குள் பத்துப் பேர் இருக்கிறார்கள், வாடகையை ஏற்றிவிட்டார்கள், தையல் வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்து மற்றவர்களின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று 1901இல் ‘பிரிட்டிஷ் பிரதர்ஸ் லீக்’ என்ற அமைப்பு கூட்டம் கூட்டியது. ஸ்டெப்னியின் எம்.பி. வில்லியம் ஈவான்ஸ் கோர்டன் அதற்கு முன்னின்றார். 1905இல் அந்நியர் சட்டம் நிறைவேறியது. அந்த அறைகளுக்கு வாரா வாரம் வாடகை வாங்கியவர்களைப் பற்றி அந்தக் கூட்டங்களில் அவ்வளவு சத்தம் எழவில்லை.

இப்போதைய வாடகைக்கும் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. ஆள் கூடினால் வீடும் கூடத் தேவை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தாட்சர் அரசு 1980இல் கொண்டுவந்த சட்டத்தை வைத்து, இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 இலட்சம் கவுன்சில் வீடுகள் கழிவு விலையில் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. விற்றதற்கு ஈடாகக் கட்டியது கொஞ்சம். விற்ற வீடுகளில் கணிசமானவை பிறகு கைமாறி, இன்று தனியார் வாடகைக்கு ஓடுகின்றன; உன் கந்தோர்ப் பட்டியலிலேயே சிலது இருக்கும். படகில் வந்து தஞ்சம் கேட்டவரோ பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லாமல், அரசு காட்டிய இடத்தில் இருப்பவர். கைச்செலவுக்கு வாரம் 50 பவுணுக்கும் குறைவு. சாப்பாட்டோடு ஹோட்டலில் வைத்தால் அதுவும் 10 பவுண் அளவுதான். அவர் உன் கந்தோர்க் கதவைத் தட்டி இரண்டு அறை வீடு கேட்கப் போவதில்லை.

சரி, அட்டைக்கு வருவோம். காணொளியில் பேசியவர் அதைப் புது யோசனை போலச் சொல்கிறார். 2008 நவம்பரிலேயே வெளிநாட்டவருக்கு அட்டை வந்துவிட்டது. மாணவர்களிடமும் கலியாண விசாவில் இருந்தவர்களிடமும் தொடங்கினார்கள். கைரேகை, முகப்படம் எல்லாம் எடுத்தார்கள். அன்றைய தொழிற்கட்சி அரசின் திட்டம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டுக் குடிமக்களுக்கும் அட்டை கொடுப்பது. எதிர்ப்பு குறைவான இடத்தில் முதலில் தொடங்கினார்கள், அவ்வளவுதான். குடிமக்கள் பக்கம் வந்தபோது கதை மாறியது. தனிமனித சுதந்திரம் போச்சு என்று வலதும் இடதும் சேர்ந்து கத்தின. 2010இல் ஆட்சி மாறியதும் அந்தச் சட்டமே இரத்தானது. 2011 பெப்ரவரியில் குடிவரவு அமைச்சர் டேமியன் கிரீன், குடிமக்களின் விபரம் இருந்த கணினித் தட்டுகளை இயந்திரத்தில் போட்டு அரைத்துப் படத்துக்கும் நின்றார். 30 பவுண் கட்டி அட்டை எடுத்திருந்த குடிமக்களுக்குக் காசு திரும்பவில்லை என்பது சின்ன வேடிக்கை.

வெளிநாட்டவரின் அட்டையை மட்டும் யாரும் அரைக்கவில்லை. அது தொடர்ந்தது, பிறகு ஈ-விசாவாக மாறி இணையத்துக்குப் போனது. 2025 செப்டெம்பரில் பிரதமர் கியர் ஸ்டாமர், வேலை செய்ய எல்லாருக்கும் டிஜிட்டல் அடையாளம் வேண்டும் என்றார். காரணமாகச் சொன்னது சட்டவிரோத வேலையையும் படகுகளையும்தான். சில நாட்களுக்குள் எதிர்ப்பு மனுவில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் எத்தனை பேர், பக்கத்து வீட்டு மருத்துவத் தாதி பதினாறு பதினேழு வருடமாக அப்படி ஓர் அடையாளத்தோடு வாழ்ந்ததைக் கவனித்திருப்பார்கள்?

அடையாளம் அட்டையில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2016 சனவரியில் மிடில்ஸ்பரோவில் தஞ்சம் கேட்டவர்களைக் குடிவைத்த வீடுகளின் கதவுகள் பெரும்பாலும் சிவப்பாக இருப்பதை ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. வேண்டுமென்று பூசவில்லை, நிறுவனம் ஒரே பெயின்டை வாங்கிப் பூசியது என்றார்கள். இருக்கட்டும். தெருவில் போகிற பொடியன்களுக்கு எந்தக் கதவில் முட்டையும் கல்லும் எறிவது என்று தெரிந்துவிட்டது. அதே மாதம் கார்டிஃபில் தஞ்சம் கேட்டவர்கள் சாப்பாடு வாங்கக் கையில் நிறப் பட்டி கட்டியிருக்க வேண்டும் என்ற விதி அம்பலமானது. பட்டியோடு ரோட்டில் நடந்தால் காரில் போகிறவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். செய்தி வந்ததும் பட்டியைக் கைவிட்டார்கள், கதவுக்கு வேறு நிறம் அடித்தார்கள்.

இனி உன் வேலை. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வீட்டுக்காரரையும் ஏஜென்டையும் குடிவரவு அதிகாரி ஆக்கியது. 2016 பெப்ரவரியிலிருந்து இங்கிலாந்து முழுவதும் அதுதான் நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இல்லை. வாடகைக்கு வருகிற ஒவ்வொருவரும் இங்கே இருக்க உரித்துள்ளவரா என்று பார்க்க வேண்டும், தவறினால் தண்டம். 2024 பெப்ரவரியில் அந்தத் தண்டத்தை, முதல் தடவையென்றால் ஓர் ஆளுக்கு 10,000 பவுண் வரைக்கும், திரும்பவும் பிடிபட்டால் 20,000 வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். சம்பளத்துக்குப் போகிற பிள்ளைக்கு இது பயம் காட்டும் தொகைதான். பயந்த ஆள் என்ன செய்வார்? சிவப்பாகவோ நீலமாகவோ பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, மற்றவருக்கு "வீடு போய்விட்டது" என்பார். குடிவரவாளர் நலனுக்கான கூட்டுச் சபை 2017இல் வீட்டுக்காரர்களிடம் கேட்டபோது, இந்தச் சட்டத்தால் வெளிநாட்டவருக்கு வீடு கொடுக்கத் தயங்குவோம் என்றவர்கள் 51 வீதம். 2019இல் உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் பாகுபாட்டுக்கு வழி செய்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அரசு வென்றது. ஆனால் பாகுபாடு நடக்கிறது என்பதை அந்த நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சோதனை எப்போதும் வெளிநாட்டவரோடு நின்றுவிடுவதில்லை. 1925இல் நிறத்தவரான அந்நியக் கப்பலாளிகளுக்கென ஒரு விசேட ஆணை வந்தது. பிரித்தானியக் குடி என்று நிரூபிக்க முடியாத நிறத்தவர் பொலிசில் அந்நியராகப் பதிய வேண்டும். கார்டிஃப் துறைமுகத்தில் இருந்த சோமாலியர், ஏடன்காரர், இந்தியர் பலர் சட்டப்படி பிரித்தானியப் பேரரசின் குடிகள். அவர்கள் காட்டிய கப்பல் புத்தகத்தை நிரூபணமாகப் பொலிஸ் ஏற்கவில்லை. குடிமகனாக ஒரு மேசைக்கு முன்னால் வந்து நின்றவன், அந்நியனாகத் திரும்பிப் போனான்.

வின்ட்ரஷ் விவகாரம் இதன் பெரிய வடிவம். 1948 யூனில் டில்பரித் துறைக்கு வந்த கப்பலின் பெயர் அது. அதற்குப் பின் இரண்டு தசாப்தங்களாகக் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் சட்டப்படி பிரித்தானியக் குடிகளாகவே வந்தார்கள். பிள்ளைகள் தாய் தகப்பனின் கடவுச்சீட்டிலேயே வந்து இறங்கினார்கள். 1973க்கு முன் குடியேறியவர்களின் உரிமையைச் சட்டம் காப்பாற்றியது. கையில் ஒரு துண்டுக் கடிதமும் கொடுக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து, 2012இல் உள்துறை அமைச்சராக இருந்த தெரேசா மே, அனுமதியின்றி இருப்பவர்களுக்கு இந்த நாடு பகைச் சூழலாக மாற வேண்டும் என்று கொள்கையை அறிவித்த பிறகு, வேலைத்தளமும் வங்கியும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியும் கடுதாசி கேட்கத் தொடங்கின. அறுபது வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு அத்தாட்சி தேடி அலைந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய திகதி எழுதிய துறைமுக அட்டைகளை 2010இலேயே ஹோம் ஒபிஸ், அதாவது உள்துறை அமைச்சு, அழித்துவிட்டது.

போலெட் வில்சன் என்ற பெண்ணின் கதையை நீ தேடிப் படி. 1968இல் சிறு வயதில் ஜமேக்காவிலிருந்து வந்தவர். 34 வருடம் தேசியக் காப்புறுதி கட்டியவர். ஒரு காலத்தில் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே சமையல்காரியாக இருந்து எம்.பி.மாருக்குச் சாப்பாடு செய்தவர். அவரை 2017 ஒக்டோபரில் யார்ல்ஸ் வூட் தடுப்பு நிலையத்தில் ஒரு கிழமை அடைத்துவைத்துப் பிறகு ஹீத்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். கடைசி நேரத்தில்தான் விமானத்தில் ஏறாமல் தப்பினார். அவர் போன்றவர்களின் கதைகளை கார்டியன் பத்திரிகையில் அமீலியா ஜென்டில்மன் ஒவ்வொன்றாக எழுத, 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். குறைந்தது 83 பேரைத் தவறாக நாடுகடத்தியதாக அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. அந்த 83 பேர் விமானம் ஏற முன்பு எத்தனை கந்தோர் மேசைகளைக் கடந்திருப்பார்கள்? அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் அல்லர். உன் வயதுப் பிள்ளைகள், கொடுத்த படிவத்தை நிரப்பியவர்கள்.

நம் ஆட்கள் இதை மறந்துவிட்டதுதான் சித்தப்பாவுக்கு விளங்காத விஷயம். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர்களை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அவர்கள் ஓடுபாதை ஓரத்தில் உடுப்பைக் கழற்றி நின்று மறியல் செய்தார்கள். பெப்ரவரிக் குளிர் எப்படி என்று உனக்குத் தெரியும். பொய் அகதிகள் என்ற பட்டம் அன்று நமக்குத்தான். அதே வருடம், கடுதாசி சரியில்லாத பயணியை ஏற்றிவந்தால் ஒரு தலைக்கு 1,000 பவுண் தண்டம் என்று விமான நிறுவனங்களுக்குச் சட்டம் வந்தது. தனியாரைக் காவல்காரராக்கும் வேலை அங்கே விமானச் சீட்டு மேசையில் தொடங்கி, இப்போது உன் மேசைவரை வந்திருக்கிறது. ஹாரிச் துறையில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய கப்பலில் அகதிகளை, தமிழர்கள் பலரையும் சேர்த்து, அடைத்துவைத்திருந்ததும் அந்த வருடம்தான். ஒக்டோபர்ப் புயலில் கப்பல் கயிறு அறுந்து தரைதட்டியது. புயல்தான் அந்தச் சிறையை மூடியது என்று ஊரில் பகிடி.

2013 கோடையில் அரசு வான்களில் பெரிய எழுத்தில், சட்டவிரோதமாக இருந்தால் ஊருக்குப் போ, இல்லையேல் கைது என்று விளம்பரம் ஒட்டி ஓடவிட்டது. ஓடியது ஆறு பகுதிகளில். அவற்றில் பிரென்ட், ஈலிங், ரெட்பிரிட்ஜ் மூன்றும் தமிழ்க் கடைகள் நிறைந்தவை. வெம்பிளியில் மரக்கறி வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்தபடி பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வானைப் பார்த்து நாட்டை விட்டுப் போனவர்கள் பதினொரு பேர் என்று அரசின் கணக்கே சொன்னது.

அதனால் வேலையை விடு என்று சித்தப்பா சொல்லவில்லை. சட்டம் கேட்பதைச் செய். ஆனால் எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேள். ஸ்மித்துக்கும் கேட்க வேண்டும், செல்வராசாவுக்கும் கேட்க வேண்டும், ஒருவரை முகத்தைப் பார்த்து விட்டுவிட்டு மற்றவரை மறிக்கக் கூடாது. கடவுச்சீட்டே இல்லாத பிரித்தானியர் நிறைய உண்டு. பிறப்புச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் சேர்ந்தால் போதும் என்று அரசின் கைநூலிலேயே இருக்கிறது. காலாவதியான பிரித்தானியக் கடவுச்சீட்டும் செல்லும். பக்கத்தில் இருப்பவர் "செல்லாது" என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு. ஈ-விசாக்காரர் தன் அனுமதியை நீ இணையத்தில் பார்க்க ஒன்பது எழுத்துள்ள ஷெயார் கோட் தருவார். வீட்டுக்கானது ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். வேலைக்கு எடுத்ததைத் தவறிக் கொடுத்தால் கணினி ஏற்காது, உடனே பொய்க்காரர் என்று எண்ணாமல் சரியானதை எடுக்கச் சொல். 2024 டிசம்பர் 31உடன் முடிந்ததாகக் காட்டும் பழைய அட்டையைக் கொண்டுவருகிறவரின் அனுமதி முடிந்துவிட்டதென்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகும் அனுமதி உள்ள பலருக்கும் அந்தத் திகதியைத்தான் அடித்துக் கொடுத்தார்கள். ஒன்றும் புரியாவிட்டால் ஹோம் ஒபிஸிடம் கேட்க வழி இருக்கிறது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு நீயே போன் எடு.

இன்னொன்று. நம்முடைய வீட்டுக்காரர்கள் சிலர் உன்னிடம் தமிழிலேயே இரகசியமாகச் சொல்வார்கள்: "பிள்ளை, எங்கட ஆக்களுக்கு மட்டும் குடு, சோமாலிக்காரருக்கு வேண்டாம்." 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி அதை நிறைவேற்றுகிற ஏஜென்டும் சட்டத்தை மீறியவர்தான். அப்படிக் கேட்டால், அதை ஈமெயிலில் எழுதி அனுப்புங்கோ அண்ணை என்று மரியாதையாகச் சொல். எழுதமாட்டார்கள்.

அந்தக் காணொளியைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. பெரியம்மாமாருக்குச் சித்தப்பாவே பதில் போடுவார்.

அன்புடன்,
சித்தப்பா