நிலம் நிரவச் சிறு டிராக்டர்

பெங்களூரைச் சூழ்ந்த ராகி நிலங்கள் பெரும்பாலும் செம்மண் சரிவுகள். மழைநீர் ஓடிவிடாமல் மண்ணில் தங்க வேண்டுமாயின் அவற்றை நிரவியாக வேண்டும். 1967-இல் அந்நகரில் தோன்றிய வி.எஸ்.டி. நிறுவனம், ஜப்பானிய மிட்சுபிஷியின் தொழில்நுட்பத் துணையுடன் வளர்ந்து, சிறு விவசாயிக்கேற்ற 18 குதிரைத்திறன் அளவிலான டிராக்டர்களை உருவாக்கியது. மண் வாரி நிரவ இத்திறன் போதுமா? கடன் பெறும் விவசாயியும் கடன் வழங்கும் அதிகாரியும் முதலில் தெளிய வேண்டியது இதுவே.

ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன். இக்கணக்கின்படி 18 குதிரைத்திறன், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 1,600 கிலோ இழுவிசை தரும். பாதி வீணானாலும் 800 கிலோ எஞ்சும். ஆனால் சுமார் 800 கிலோ எடையுள்ள டிராக்டர், உழுத புழுதியில் தன் எடையில் பாதியளவு இழுப்பதே அரிது. அதற்குள் சக்கரங்கள் வழுக்கிச் சுழலத் தொடங்கிவிடும். எனவே இங்குக் குறைபடுவது எஞ்சினின் திறனன்று, மண்மீதுள்ள பிடிப்பே. விலைப்பட்டியலில் குதிரைத்திறனை மட்டும் பார்ப்போர் இதைத் தவறவிடுகின்றனர். நான்கு சக்கர இயக்கம், சக்கரங்களில் கூடுதல் எடை ஆகியவை பிடிப்பை உயர்த்தும்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் முதல் வேலைக்குப் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். ஆண்டுதோறும் உழவுக்குப்பின் செய்யும் இலேசான நிரவலுக்குச் சிறு டிராக்டரும் அதன் பின்னே பூட்டிய தகடும் போதும். எவ்வியந்திரமாயினும், வளமான மேல்மண்ணை முதலில் ஒதுக்கி வைத்து, வேலை முடிந்தபின் மீண்டும் பரப்புதல் வேண்டும்.