ரத்தப் புள்ளி போட்ட பச்சைக்கல்

கரும்பச்சை நிறத்தில் ஒரு கல். அதன் மேல் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் தெறித்தது போல் இருக்கும். அதனால் இதற்கு ரத்தக்கல் என்று பெயர்.

அந்தச் சிவப்பு ரத்தம் அல்ல. கல்லில் கலந்துள்ள இரும்புதான் அப்படித் தெரிகிறது. ஆற்று மணலில் உள்ள சிலிக்காதான் இந்தக் கல்லிலும் உள்ளது. இது மிகவும் கெட்டியானது. கத்தியால் கீறினாலும் கோடு விழாது.

குஜராத் மாநிலத்தில் கம்பாத் என்ற ஊர் உள்ளது. அங்கே ரத்தக்கல், அகேட் போன்ற கற்களில் மணி செய்கிறார்கள். மணித் தொழில் அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அருகிலுள்ள லோத்தலில் மணிப் பட்டறை இருந்தது.

கதையும் உண்மையும்

பாவா கோர் என்ற பெரியவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்தத் தொழிலை வளர்த்தார் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ரத்தன்பூர் குன்றில் அவருடைய தர்கா உள்ளது. பல மதத்தினரும் அங்கே போகிறார்கள்.

இந்தக் கல்லை வைத்தால் ரத்தம் நிற்கும் என்று பழைய நாளில் பல நாடுகளில் நம்பினார்கள். அது உண்மை அல்ல. காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மணிமாலையைப் பாதுகாப்பது எப்படி?

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மெல்லிய துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர், ஆசிட் படக் கூடாது. மற்ற நகைகளோடு சேர்க்காமல் தனிப் பையில் வையுங்கள்.

மாலைக்குப் பின்னால் ஓர் உயிர்

கல்லைச் சாணை பிடிக்கும்போது தூசி பறக்கும். கம்பாத்தில் பலர் வீட்டிலேயே சாணை பிடித்தார்கள். நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்தது. பலருக்குச் சிலிக்கோசிஸ் என்ற நோய் வந்தது. இருமல் வரும். மூச்சு வாங்கும். உடல் மெலியும். பார்த்தால் காசநோய் போலவே இருக்கும். காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்கலாம்.

கல்குவாரியிலும் கல் உடைக்கும் இடத்திலும் இதே தூசிதான் பறக்கிறது. தண்ணீர் விட்டுக்கொண்டே வேலை செய்தால் தூசி அடங்கும். தூசியை உறிஞ்சும் குழாயும் வேண்டும். வாயில் துண்டு கட்டினால் மட்டும் போதாது. வேலை உடையை உதறாமல் துவையுங்கள். குழந்தைகளை அங்கே விடாதீர்கள்.

இருமல் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். “நான் கல் வேலை செய்கிறேன். இத்தனை ஆண்டுகளாகச் செய்கிறேன்” என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே!

பதில் சொல்லுங்கள்

1. கல்லில் சிவப்புப் புள்ளிகள் எதனால் வருகின்றன?
2. சிலிக்கோசிஸ் எப்படி வருகிறது?
3. உங்கள் ஊரில் தூசியில் வேலை செய்பவர்கள் யார்? அவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.