கனடாப் போனும் சந்திக் கடைப் போனும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பண்டத்தரிப்புச் சந்தியில் பின்னேரம் தேத்தண்ணிக் கடை வாங்கில் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். அரசியலுக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு போன்தான். ஒரு பக்கத்தில், கனடாச் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த ஐபோனை மேசையில் குப்புற வைத்திருக்கும் தம்பி. பின்பக்கத்துக் கடித்த அப்பிள் எல்லாருக்கும் தெரியவேண்டுமல்லவா! மறுபக்கத்தில், தவணைக்கு வாங்கிய அன்ட்ரொயிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “உதில ஒரு பாட்டுப் போடுறதெண்டாலும் கொம்பியூட்டரிட்டைப் போகோணும்” என்று நக்கலடிக்கும் அண்ணை. தேத்தண்ணி ஆறிவிடும், வாதம் ஆறாது. இரண்டு பேரும் சொல்வதில் பாதி கேள்விச் செவியன் கதை. அவற்றில் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

“டச் போனைக் கண்டுபிடிச்சதே அப்பிள்தான்.”

இல்லை. ஐபிஎம் நிறுவனம் செய்த சைமன் என்ற தொடுதிரைத் தொலைபேசி 1994இலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. செங்கல் அளவில் ஒரு பெட்டி, கூடவே ஒரு குச்சி. விரல் பட்டாலே வேலை செய்யும் இன்றைய வகைத் திரையோடு எல்ஜி பிராடா என்ற போன் 2006 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை மேடையில் தூக்கிக் காட்டியது 2007 ஜனவரி 9இல். அந்த முதல் ஐபோனில் வீடியோ எடுக்க முடியாது, 3ஜி இல்லை, எழுதியதைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டும் வசதியும் இல்லை. அது 2009 வரை வரவில்லை. இரண்டு விரலால் விரித்துப் பெருப்பிப்பதையும் தள்ளிக்கொண்டு போவதையும் சின்னப் பிள்ளையும் பழகும்படி செய்ததுதான் அப்பிளின் கெட்டித்தனம். அது சின்னக் கெட்டித்தனமல்ல.

பிறகு ஏன் எங்களூரில் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக ஊன்றியது? என் கணிப்பு இது. அமெரிக்காவில் ஐபோன் கடைக்கு வந்த 2007 ஜூன் 29இல் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதையே இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டப்பட்டு, அரிசியும் மாவும் கப்பலில் வந்த காலம். உலகம் நொக்கியாவா ஐபோனா என்று அடிபட்ட அந்தச் சண்டையை நாங்கள் பார்க்கவேயில்லை. போர் முடிந்து பாதை திறந்தபின், வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரரின் கையில்தான் பலர் முதல் டச் போனைக் கண்டோம். அது பெரும்பாலும் ஐபோன். முதலில் கண்டதை முதலில் பிறந்தது என்று எண்ணிவிட்டோம்.

திரையைப் பற்றி இன்னொன்று. நொக்கியா 5800 போன்ற பழைய டச் போன்களில் திரை இரண்டு படலமாக இருந்தது. அமத்தினால் மேற்படலம் கீழ்ப்படலத்தில் முட்டும். அதனால் நகத்தாலும் நெருப்புக் குச்சியாலும் இயக்கலாம். இன்றைய திரை அமத்தலைப் பார்ப்பதில்லை, உடம்பு மின்னைக் கடத்தும் தன்மையைப் பார்க்கிறது. தண்ணீரும் மின்னைக் கடத்தும். ஆகவே கிணற்றடியில் நின்று ஈரக் கையோடு தடவினால் அது தன்பாட்டில் துள்ளத்தான் செய்யும். “உது டூப்பிளிக்கேற்” என்று கடைக்காரத் தம்பியோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

“அப்பிளும் சம்சுங்கும் கீரியும் பாம்பும்.”

2011இலிருந்து 2018 வரை நீதிமன்றத்தில் அப்படித்தான் நின்றார்கள். அதே காலத்தில், 2017இல் வந்த ஐபோன் டென்னின் திரையைச் செய்து கொடுத்தது சம்சுங். எங்கள் வாங்கில் இவர்களுக்காக முகம் முறித்துக்கொண்டவர்கள் கவனிக்கவும்.

“கனடாப் போன் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.”

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். வெளிநாட்டுச் சரக்கு பண்டத்தரிப்புக்குப் புதிதல்ல. 1820இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் இங்கே வந்து மருந்து கொடுக்கத் தொடங்கினார். ஆனாலும் பக்கத்துச் சில்லாலையில் நாட்டு வைத்தியம் நின்றுவிடவில்லை. எந்த நோய்க்கு எவரிடம் போவது என்று சனம் பார்த்துத்தான் போனது. போன் விஷயத்தில் மட்டும் அந்தப் பார்வையை எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

முதலாவது, பூட்டு. வெளிநாட்டில் ஒப்பந்தத்தில் எடுத்த போன் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருக்கலாம். கனடாவில் 2017 டிசம்பர் 1இலிருந்து புதுப் போன்களைப் பூட்டாமல்தான் விற்கவேண்டும் என்பது விதி. பிரித்தானியாவில் அதே தடை 2021 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவில் காசு கட்டி முடியும்வரை பூட்டி வைப்பது இன்னும் வழக்கம். ஆகவே “வெளிநாட்டுப் போன்” என்று ஒரே சாக்கில் கட்டமுடியாது. எந்த நாடு, எந்த வருஷம் என்று கேட்கவேண்டும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலும் அதற்குப் பின்வந்த ஐபோன்களிலும் சிம் போடும் தட்டே இல்லை. சந்திக் கடையில் வாங்கிய சிம்மை எங்கே செருகுவது? இ-சிம் எடுக்கத்தான் வேண்டும். யப்பானிலிருந்து வந்த ஐபோன் என்றால் படம் எடுக்கும்போது ‘கிளிக்’ என்று சத்தம் போடக்கூடும். கோயிலுக்குள் சங்கடம்.

இரண்டாவது பூட்டு இன்னும் பொல்லாதது. 2013இலிருந்து ஐபோன் உரிமையாளரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் தன் கணக்கை நீக்காமல் தந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திறந்தாலும் அவருடைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும். களவைத் தடுக்கச் செய்த நல்ல ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்று நாலு மாதம் பஞ்சாங்கத்துக்கு மேல் பாரமாக இருந்தது. தந்த மாமா விமானம் ஏறிவிட்டார், கடவுச்சொல் அவருக்கும் மறந்துவிட்டது. “மருமோன், அந்தப் பழைய நாயின்ர பேரைப் போட்டுப் பாரும்” என்று வைபரில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சொல் அனுப்பினார். கடைசியில் அவர்தான் அங்கிருந்து தன் கணக்கை மீட்டெடுத்து நீக்கிவிட்டார். அன்ட்ரொயிட்டிலும் கூகிள் கணக்கோடு இதே மாதிரிப் பூட்டு உண்டு என்பதை மறுபக்கத்து அண்ணை மறந்துவிடக்கூடாது.

“தண்ணி போகாத போன். விழுந்தாலும் அரிசிக்குள்ள வைச்சால் சரி.”

இதில் இரண்டு பிழை. தண்ணீர் தாங்கும் என்ற சோதனை, ஆய்வுகூடத்தில் நல்ல தண்ணீரில், புதுப் போனில் செய்யப்படுவது. மாதகல் கடலில் அல்ல. போன் பழசாகப் பழசாக உள்ளே இருக்கும் ஒட்டும் தளரும். இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் தலைகுனிந்திருக்கிறது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்த விதத்துக்காக 2020இல் இத்தாலி அப்பிளுக்கு ஒரு கோடி யூரோ தண்டம் போட்டது. கடலிலும் நீச்சல் தடாகத்திலும் போனைக் காட்டிய விளம்பரங்களுக்காக 2022இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் சம்சுங்குக்கு ஒரு கோடி 40 லட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

அரிசி வைத்தியம் நானும் செய்தவன். கிணற்றடியில் வாளிக்குள் விழுந்த போனை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். போனும் பிழைக்கவில்லை, அந்த அரிசியைச் சமைக்க அம்மாவும் சம்மதிக்கவில்லை. அரிசித் தூள் துளைக்குள் போய்க் கெடுக்கும், அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று அப்பிள் இப்போது எழுதியே வைத்திருக்கிறது. சார்ஜ் துளை கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றுப் படும் இடத்தில் காயவிடுவதே வழி. ஈரம் போகும்வரை சார்ஜில் போடவேண்டாம்.

“இரவு முழுக்கச் சார்ஜில கிடந்தால் வெடிக்கும்.”

2016இல் சம்சுங் நோட் 7 தீப்பிடித்த கதையின் எதிரொலி இது. அங்கே பிழை பற்றரியைச் செய்த விதத்தில். ஒழுங்கான போனும் ஒழுங்கான சார்ஜரும் பற்றரி நிறைந்ததும் தாமே நிறுத்திக்கொள்ளும். பயப்படவேண்டியது இரவுக்கல்ல, மத்தியானத்துக்கு. 35 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பாவித்தால் பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று அப்பிளே சொல்கிறது. சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றின் மேலும், தகரக் கொட்டிலுக்குள் சார்ஜிலும் போனைப் போட்டுவிட்டு, “இரண்டு வருஷத்தில பற்றரி போட்டுது” என்று கொம்பனியைத் திட்டுகிறோம். தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் பண்ணுவதும் அதே சூடுதான்.

“கமராவில மெகாபிக்சல் கூடினால் படம் திறம்.”

2015இலிருந்து 2021 வரை ஐபோனின் பிரதான கமரா 12 மெகாபிக்சலைத் தாண்டவில்லை. ஆனால் அந்தப் படங்களைக் குறை சொன்னவர் குறைவு. சம்சுங்கின் 200 மெகாபிக்சல் கமராவும் சாதாரணமாக எடுக்கும்போது 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவிலான படத்தைத்தான் தருகிறது. பெட்டியில் போட்ட எண் பெட்டியை விற்கத்தான்.

“ஐபோனுக்கு வைரஸ் வராது.” 2021இல், எதையும் தட்டாமலே ஐபோனுக்குள் பெகாசஸ் உளவுமென்பொருள் புகுந்ததைக் கண்டுபிடித்தவர்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். அது பெரிய ஆட்களைக் குறிவைத்தது, உங்களையும் என்னையுமல்ல. எங்களுக்கு ஆபத்து, வட்ஸ்அப்பில் வரும் “பரிசு விழுந்திருக்கு” இணைப்பும், அன்ட்ரொயிட்டில் செயலிக் கடைக்கு வெளியே இருந்து இறக்கும் செயலிகளும். அந்த ஒரு விஷயத்தில் ஐபோன் கதவு கொஞ்சம் இறுக்கமானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

“ஐபோனில தமிழ் எழுதேலாது” என்பது ஒரு காலத்து உண்மை. அப்போது அன்ட்ரொயிட்டிலும் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. பட்டன் போன் காலத்திலேயே, 2005இல், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் கைபேசியில் தமிழை ஏற்றிவிட்டது. ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை 2013இல் வந்தது. இப்போது இரண்டிலும் தாராளமாக எழுதலாம். எழுதத்தான் ஆளில்லை. “எப்பிடி சுகம்” என்பதையும் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள்.

கடைசியாகக் காசுக் கதை. “ஐபோன் பத்து வருஷம் ஓடும், மற்றது இரண்டு வருஷத்தில செத்துப்போம்” என்பதில் முன்பு பாதி உண்மை இருந்தது. மலிவான அன்ட்ரொயிட்டுகளுக்குப் புதுப்பிப்பு சீக்கிரம் நின்றுவிடும், இன்றும் பலவற்றுக்கு அப்படித்தான். ஆனால் 2024இல் வந்த கலக்ஸி எஸ்24க்கு சம்சுங் ஏழு வருஷப் புதுப்பிப்பு உறுதி தந்திருக்கிறது. அப்பிளோ, பற்றரி தளர்ந்த பழைய போன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017இல் ஒப்புக்கொண்டு, பிரான்சில் இரண்டரைக் கோடி யூரோ தண்டமும் கட்டியது. பற்றரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும். அதைத் தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கினார்களோ.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதும், 2024 ஜனவரியிலிருந்து போனுக்கு 18 சதவீத வற் வரி விழுந்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. இந்த விலையில் என் தீர்ப்பு இதுதான்: காசு கொடுத்து வாங்குவதென்றால், எத்தனை வருஷம் புதுப்பிப்பு வரும் என்று எழுத்தில் உறுதி உள்ள நடுத்தர அன்ட்ரொயிட். சும்மா வருகிறதென்றால், தந்தவர் விமானம் ஏறமுன் கணக்கை நீக்கிய ஐபோன்.

எதை வாங்கினாலும் காசை எண்ணிக் கொடுக்கமுன் கடை வாசலில் நின்றே *#06# என்று அடியுங்கள். திரையில் 15 இலக்கம் வரும். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிவான போன்தான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதில் வந்தபிறகு பேர்ஸைத் திறவுங்கள்.