ஆவாரம்பூவும் ஆபரணமும்

கேள்வி: பூவையும் காயையும் பார்த்து நகை வடிக்கும் மரபு நம்மிடம் உண்டா? (வாசகி, கச்சிராயபாளையம்)

பதில்: உண்டு, அம்மையீர். கல்வராயன் மலையடிவாரப் புன்செய்களில் பொன்னிறமாய்ப் பூக்கும் ஆவாரம்பூவின் சாயலில் ஆவாரம்பூ மாலையையும், மாங்காயின் வளைவில் மாங்காய் மாலையையும், படமெடுத்த நாகத்தில் சடைநாகத்தையும் கண்ட நம் பொற்கொல்லர், ஒவ்வொன்றிலும் ஜீவனுள்ள ஒரு ரேகையை மட்டும் கிரகித்து, மற்றவற்றை விட்டுவிட்டனர். அந்த விவேகத்தை எண்ணுந்தோறும் எனக்கு ஆனந்தம் பெருகுகிறது. மாங்காய் மாலையின் காய் ஒவ்வொன்றும் தனித்தனியே பொற்றகட்டில் கூடாக்கப்பட்டு, உள்ளே அரக்கு நிரப்பப்பட்டு, அடியில் மெல்லிய தங்கரேக்கு வைத்த கெம்புக்கற்கள் கையாலேயே பதிக்கப்பட்டு உருவாவதால், ஒன்றைப்போல் மற்றொன்று அச்சில் வார்த்தாற்போல் அமைவதில்லை. நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்கள் கோயில் நகைகளில் இத்தகைய மரபைப் பேணுகின்றனர். உங்கள் கள்ளக்குறிச்சியிலேயே, புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பக் கலையின் கைவினைஞர்கள் செதுக்கும் பூக்கொடிகளை, நீங்களும் நகைக்கு வரைபடம் தீட்ட எண்ணினால், அதற்குமுன் அவசியம் பார்த்துவாருங்கள்.