நாகூருக்குப் போகிறவர்களே, எல்லைகளைத் தெரிந்துகொண்டு போங்கள்

சென்னை யானைக்கவுனியிலிருந்து நாகூருக்குக் கிளம்புகிறவர்களுக்கு சென்ட்ரல் கூப்பிடு தூரம்தான். ஆனால் நாகூர் வண்டி அங்கிருந்து புறப்படுவதில்லை. காரைக்கால் எக்ஸ்பிரஸ் எழும்பூர் வண்டி. எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் என்று டெல்டாவைச் சுற்றிப் போகிற வண்டி இது, நேரம் பிடிக்கும். ஆனாலும் வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு, இரவில் படுத்து விடியற்காலையில் இறங்குகிற இந்த வழியைத்தான் சொல்வேன்.

சாலை வழி சுமார் 300 கிலோமீட்டர். திண்டிவனம், பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், பிறகு நாகூர். இந்த வழியில் நீங்கள் இரண்டு முறை தமிழ்நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறீர்கள்: பாண்டிச்சேரியில் ஒரு முறை, காரைக்காலில் ஒரு முறை. வாடகை வண்டி என்றால் புதுச்சேரிக்குள் ஓட்டப் பெர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காரைக்காலில் மதுபானம் விலை குறைவு என்று யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டால், எல்லையிலுள்ள வாஞ்சூர் சோதனைச் சாவடியில் மொத்தக் குடும்பமும் இறங்கி நிற்க வேண்டிவரும். புனித யாத்திரை அங்கேயே கெட்டுப்போகும்.

இப்படி எல்லைகள் பின்னிக்கிடப்பதற்குக் காரணம், இந்தக் கடற்கரையை ஐரோப்பியர்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிடித்து வைத்திருந்ததுதான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள், நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர்கள். காரைக்கால் 1954-இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் புதுச்சேரி நிர்வாகத்திலேயே நின்றுவிட்டது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல்.

நாகூருக்குக் கிழக்கே வங்கக் கடல். ஊரை ஒட்டி வெட்டாறு கடலில் கலக்கிறது. தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகப்பட்டினம். நாகூருக்குத் தனி நகராட்சி கிடையாது. நாகப்பட்டினம் நகராட்சிக்குள்தான் வருகிறது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு எதைப் பற்றிச் சொல்வதானாலும் அங்கேதான் போக வேண்டும். மாவட்டம் 1991 அக்டோபர் 18-இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தபோது அதற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர். பிற்பாடு எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது இதுவும் போயிற்று. 1997-இல் திருவாரூர் தனியாகப் போனது, 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் போனது. இப்போது மிச்சம் நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம் என்று நான்கே தாலுகாக்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் தரங்கம்பாடியும் சீர்காழியும் நாகை மாவட்டம் என்று இருந்தால், அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

பதினாறாம் நூற்றாண்டில் வந்து தங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருக்கும் தர்காதான் ஊரின் நடு. ஐந்து மனாராக் கோபுரங்களில் பெரிய மனாரா 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. ஆண்களும் பெண்களும் எந்த மதத்தவரும் உள்ளே போகலாம். தலையை மூடக் கைக்குட்டையோ துப்பட்டாவோ கொண்டுபோங்கள். முடி இறக்குகிறவர்கள் குளத்துப் பக்கம் போவார்கள். கை, கால், வீடு, தொட்டில் என்று தகட்டில் வெட்டி விற்கும் உருவங்களைக் காணிக்கையாகப் போடுகிறவர்களில் பெரும்பங்கு இந்துக்கள். பாத்திஹா ஓதித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் தொகையை முதலிலேயே பேசிக்கொண்டால் மனக்கசப்பு வராது. வியாழன் மாலை கூட்டம் நெரிக்கும். நிதானமாக நின்று தொழ வேண்டுமென்றால் வேறு நாள் போங்கள்.

தர்காவுக்கும் தனி நிர்வாகக் கதை உண்டு. பரம்பரை டிரஸ்டிகள் நீதிமன்றம் வகுத்த திட்டத்தின்படி நடத்தி வந்தார்கள். தகராறு முற்றி, 2017-இல் உயர் நீதிமன்றம் இடைக்கால நிர்வாகிகளை நியமித்தது. 2022-இல் அதே நீதிமன்றம் பொறுப்பை ஏற்கும்படி வக்பு வாரியத்திடம் சொன்னது. ஆண்டு விழாவான கந்தூரிக்கு அரைக்கும் சந்தனக் கட்டையை அரசு இலவசமாகத் தருகிறது. ஒரு தர்காவின் சந்தனம் அரசுக் கிடங்கிலிருந்து வருவது எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம்.

ஆண்டகை நாற்பது நாள் தனித்திருந்த இடமாகச் சொல்லப்படும் வாஞ்சூர், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது. நாகூர் கடற்கரையிலுள்ள இன்னொரு தலமான சில்லடி தமிழ்நாட்டில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் யாத்திரை நிறைவு என்று ஊரில் பலர் சொல்வார்கள். ஆட்டோ பேசும்போது வாஞ்சூரையும் சொல்லியே பேசுங்கள். சில்லடியில் கடலில் இறங்க வேண்டாம். இதே கடல் 2004-இல் சுனாமியாக வந்தபோது அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடல்களைப் புதைக்கத் தர்கா தன் நிலத்தைக் கொடுத்தது, யார் எந்த மதம் என்று பார்க்காமல்.

அதே வாஞ்சூரில்தான் காரைக்கால் துறைமுகம் 2009 முதல் இயங்குகிறது. அங்கே இறங்கும் நிலக்கரியின் தூசு தங்கள் வீடுகளில் படிவதாக நாகூர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். வடசென்னையில், ராயபுரத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. சரக்கு எண்ணூருக்குப் போனது, தூசும் அங்கே போனது. நாகூரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. துறைமுகத்தைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழு புதுச்சேரியில், மூச்சு விடுகிறவர்கள் தமிழ்நாட்டில். நாகை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் மனு எல்லையைத் தாண்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிடப் பெரிய பாரத்தைச் சுமக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மாலையில் இறால் வைத்த வாடாவைச் சூடாக எடுக்கும் கடை எது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுப் போங்கள். தம்ரூட் இனிப்பு வாங்கி வந்தால் சில நாள் தாங்கும்.

கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினான்கு நாள். பிறைக் கணக்கு என்பதால் ஒவ்வோர் ஆண்டும் சுமார் பதினொரு நாள் முன்னே வரும். நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் வரும் நாளும் பத்தாம் இரவின் சந்தனக்கூடும் முக்கியம். அந்த இரண்டு நாளும் நாகூரில் அறை கிடைக்காது. நாகப்பட்டினத்திலோ காரைக்காலிலோ முன்பதிவு செய்துகொள்ளுங்கள். காரைக்காலில் தங்கினால், ஊர்வல இரவில் போக்குவரத்தை எந்த இடத்தில் திருப்பிவிடுகிறார்கள் என்று நாகூர் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். திரும்பும் ரயிலுக்கும் டிக்கெட்டைச் சென்னையிலேயே எடுத்துவிடுவது நல்லது.